சிவநேசனின் நட்சத்திரம்

சண்முகசுந்தரி டீச்சருக்கு விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு தம்பி இருக்கிறான் என்பது பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் சிவநேசன் என்று அவளுக்கு ஓர் அண்ணன் இருப்பது வாட்ச்மேன் முதல் தலைமையாசிரியை வரை எல்லாருக்கும் தெரியும். அந்த அண்ணன் செவ்வாய்க்கிழமைதோறும் சாயங்காலம் ஏழரை மணிக்கு டிவியில் வருவான், எட்டு மணிக்குப் போய்விடுவான். மிச்ச ஆறு நாளும் டீச்சர் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள்.

‘கூடத்து விளக்கு’ என்று அந்தத் தொடருக்குப் பெயர். அப்பா இல்லாத வீடு, மூன்று தங்கச்சிமார், அவர்களுக்காகத் தான் கல்யாணமே செய்துகொள்ளாத ஓர் அண்ணன். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அந்த அண்ணன் வாரத்துக்கு ஒன்றாக எதையாவது தங்கச்சிகளுக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தான். வேலையை விட்டான், ஆசைப்பட்ட பெண்ணை விட்டான், ஒரு வாரம் சாப்பாட்டையே விட்டான். அவன் விட விட டீச்சர் அழுதாள். அழுது முடித்து எட்டு மணிக்குத் தோசை சுடப் போகும்போது அவள் முகம் தெளிந்து கிடக்கும். கணவர் அருணாசலம் அதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அழுகை நல்லா இருந்ததா என்று கேட்பார்.

அருணாசலம் தபால் ஆபீஸ்காரர். இருபத்தாறு வருஷமாகக் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துப் போடுகிறவர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமை உண்டு. அதை வீட்டுக்கு வருகிற விருந்தாளி ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். “பேரு தப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது. விலாசம் சரியா இருந்தாப் போதும், தபால் போய்ச் சேந்துரும்.” டீச்சர் இதை ஆயிரம் தடவை கேட்டுக் காது புளித்தவள். பின்னால் ஒரு நாள் இந்த வாக்கியம் தன்னைத் தூக்கிவாரிப் போடப் போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அவளையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு மூத்தவள். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி குமரகுருபரனை இடுப்பில் தூக்கிக்கொண்டே பாடம் படித்து, வேலைக்கு வந்து, அவனுக்கு மில்லில் வேலை கிடைக்கும்வரை சோறு போட்டவள். எல்லாருக்கும் அக்காவாக இருந்து அலுத்துப்போனவளுக்கு, ‘எண்ணே’ என்று கூப்பிட்டுச் சாய்ந்துகொள்ள ஒரு தோள் வேண்டியிருந்தது. அது டிவிப் பெட்டிக்குள் கிடைத்தது. வெட்கக்கேடுதான். ஆனால் கிடைத்த இடத்தில்தானே சாய முடியும்?

சாய்ந்ததோடு நின்றிருந்தால் கதை இல்லை. அளக்க ஆரம்பித்தாள். அந்த வருஷப் பொங்கலுக்குச் சிவநேசன் தன் மூத்த தங்கச்சிக்குப் பொங்கல்படி கொண்டுபோனான். வேன் நிறைய அரிசி, வெல்லம், கரும்பு, பித்தளைப் பானை, பட்டுச்சேலை. மறுநாள் குமரகுருபரன், வருஷா வருஷம் வருகிற மாதிரி, பாபநாசம் பஸ்ஸில் இரண்டு கரும்பையும் ஒரு மஞ்சள் பையையும் தூக்கிக்கொண்டு அக்காவுக்குப் பொங்கல்படி கொண்டுவந்தான். பஸ்ஸில் கரும்பின் தோகை முறிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கையில் சண்முகசுந்தரி கரும்பைப் பார்த்தாள். சிவநேசன் கொண்டுபோனதைப் பார்த்தாயா என்று தம்பியிடம் கேட்டாள். தான் ராத்திரி ஷிப்ட் என்றும் பார்க்கவில்லை என்றும் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். நீ பார்த்திருக்கணும் என்றாள் அவள். பக்கத்து வீட்டுக்காரிகளும் சிரித்தார்கள்.

ஆடி மாசத்தில் சிவநேசன் நடுத் தங்கச்சி கோமதிக்குத் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தான். ஆபரேஷன் மேஜையில் அவன் கண்ணை மூடிக் கிடக்க, அந்த வாரம் அதோடு முடிந்துவிட்டது. பிழைப்பானா மாட்டானா என்று தெரிய இன்னும் ஏழு நாள். புதன்கிழமை காலையில் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நெல்லையப்பர் கோயிலுக்குள் நுழைந்து, தேங்காய் பழத் தட்டோடு வரிசையில் நின்றாள். எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுக்கிறவள் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் ஒரு பிள்ளையின் கையிலிருந்த தாயத்தைக் கழற்றச் சொல்லி, அதைப் பிரித்து, உள்ளே இருப்பது வெறும் தகரம் என்று வகுப்புக்கே காட்டினவள்.

பட்டர் பெயர் கேட்டார். சிவநேசன் என்றாள். நட்சத்திரம் கேட்டார். டீச்சர் திகைத்தாள். முப்பது வாரமாக அந்த வீட்டு அடுப்படிவரை அவளுக்குத் தெரியும், ஆனால் சிவநேசனின் நட்சத்திரத்தை யாரும் சொல்லவில்லையே? பின்னால் வரிசை நெருக்கியது. அவளுக்கு மனப்பாடமான ஆண்பிள்ளை நட்சத்திரம் இரண்டே இரண்டு. ஒன்று புருஷனுடையது, அதைக் கடன் கொடுக்க மனசு வரவில்லை. இன்னொன்று தம்பியுடையது. ‘என் மகன் கார்த்திகைக்காரன், முருகன் கொடுத்த பிள்ளை’ என்று அம்மா சாகும்வரை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கார்த்திகை” என்றாள் டீச்சர்.

சிவநேசன் பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவள் மனசில் அவன் கார்த்திகை நட்சத்திரக்காரன் ஆகிவிட்டான். அந்த நட்சத்திரம் யாரிடமிருந்து எடுத்தது என்பது மறந்தே போனது. கணக்கு டீச்சர் தெரசா மணப்பாட்டுக்காரி, கேலிக்காரி. நெற்றி விபூதியைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டு, எங்கள் மாதாவிடமும் உங்கள் அண்ணனுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன் டீச்சர், அதில்தான் பிழைத்தான் என்று வாரம் முழுக்க ஓட்டினாள்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழரை மணி ஆகப்போகையில் குமரகுருபரன் வந்தான். திருச்செந்தூர் போய்விட்டு வருகிறானாம். புது வேட்டி, மொட்டை அடித்த தலையில் சந்தனம். ஊருக்குப் போகிற வழியில் அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கியிருக்கிறான். “எக்கா, இன்னிக்கு வந்து...” என்று ஆரம்பித்தான். டிவியில் பாட்டு போட்டுவிட்டார்கள். பைய பேசு லே, இன்றைக்குக் கடைசித் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம் என்றாள் டீச்சர். அவனும் தரையில் உட்கார்ந்து கால்மணி நேரம் பார்த்தான். விளம்பரம் வந்தபோது மறுபடியும் வாயைத் திறந்தான். அவள் வெந்நீர் அடுப்பை அணைக்க ஓடிப்போய்த் திரும்பி வருவதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது.

கடைசியில் அவன் எழுந்தான். பஸ்ஸுக்கு நேரமாயிட்டு என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பன்னீர் இலையில் மடித்த விபூதியை எடுத்தான். அவள் கை நீட்டவில்லை. சரி என்று டிவிப் பெட்டியின் மேல் வைக்கப் போனான். அவன் முதுகு சிவநேசனை மறைத்தது.

“மறைக்காதலே, குமரா.”

அவன் சட்டென்று விலகிக்கொண்டான். அருணாசலம்தான் பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார். வந்து, பிள்ளை ஒரு வாய் சாப்பிடாமல் போகிறானே என்றார். அடுத்த வாரம் வருவான் என்றாள் டீச்சர். பன்னீர் இலை டிவி மேலேயே கிடந்தது. தூசி தட்டுகிறபோது அதைத் தூக்கிவிட்டுத் தட்டி, மறுபடியும் அங்கேயே வைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை டீச்சர் ஆன்டெனாவைத் திருப்பச் சொல்லி அருணாசலத்தை மழைக்குள் மாடிக்கு அனுப்பிவிட்டுப் பார்க்க உட்கார்ந்தாள். படம் தெளிவாக வந்தது. சிவநேசன் கோமதிக்குப் பால்சோறு பிசைந்து ஊட்டினான். கோமதி தின்றுகொண்டே தூங்கிப்போனாள். அவன் அவள் பெருவிரலை மையில் தொட்டு ஒரு பத்திரத்தில் உருட்டினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, அங்கே காத்திருந்த ஒருவனிடம், “இருபது வருஷம் நல்லவனா இருந்தாச்சு, போதும்” என்று சொல்லிச் சிரித்தான். சிறுநீரகம் கொடுத்ததும் பொய்யாம். யாரோ ஏழை ஒருவனிடமிருந்து பிடுங்கியதாம்.

டீச்சர் நம்பவில்லை. ஏதோ கனவு, கோமதி கண்ட கனவு, விழித்ததும் சரியாகிவிடும் என்று எழுத்து ஓடி முடிகிறவரை காத்திருந்தாள். சரியாகவில்லை. நனைந்த தலையோடு உள்ளே வந்த அருணாசலம் கடைசிக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, பய இப்பத்தான் நல்லா நடிக்கான் என்றார். அவரோடு அவள் இரண்டு நாள் பேசவில்லை. அன்றைக்குத் தோசையும் இல்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவள் அழுதே விட்டாள். செவ்வாய் அழுகை வேறு, இது வேறு. இதில் தெளிவு வரவில்லை. கதைதானே டீச்சர், எழுதுகிறவனுக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுதுகிறான் என்று தெரசா முதுகைத் தடவினாள். சண்முகசுந்தரி நிமிர்ந்து, நான் வச்ச பாசம் கதை இல்லையே என்று கேட்டாள். 

வருத்தம் வியாழக்கிழமை கோபமாக மாறியது. கோமதியை அல்ல, தன்னையே அவன் ஏமாற்றிவிட்டதாக டீச்சருக்குத் தோன்றியது. யாரும் தராத நம்பிக்கையை அவனுக்குத் தந்தாளே, அவனுக்காகத் தட்டு ஏந்தினாளே, அதற்கெல்லாம் இதுவா பதில்? வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடு அவளுக்கு ஓய்வு. பரிசோதனை நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதினாள். இருபத்திரண்டு வருஷம் விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய கை, அந்தப் பழக்கத்திலேயே ஓடியது.

பெறுநர்: அருள்மிகு இசக்கியம்மன், ஆற்றங்கரை. பொருள்: உடன்பிறந்தவளுக்குத் துரோகம் செய்தவனைத் தண்டிக்கக் கோருதல். பெயர்: சிவநேசன். நட்சத்திரம்: கார்த்திகை. அம்மா, இவன் கையும் காலும் விளங்காமல் போக வேண்டும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, சு. சண்முகசுந்தரி.

சாயங்காலம் அதை மடித்து மஞ்சள் நூல் சுற்றி எடுத்துப் போனாள். ஆற்றங்கரை இசக்கியம்மனின் சூலாயுதத்தில் கட்டியிருக்கிற சீட்டுகளெல்லாம் ஊர் ஜனங்களின் வயிற்றெரிச்சல். கோழி திருடு போனவள், புருஷனை இன்னொருத்தியிடம் விட்டவள், பக்கத்து வயல்காரனிடம் வரப்பைப் பறிகொடுத்தவன். அந்தக் கூட்டத்தில் ஒரு டீச்சர், சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, டிவியில் வருகிற ஒருவன் மேல் பிராது கட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பசித்தது. நாலு நாளில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அருணாசலம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் அங்கே வருகிறவர் இல்லை. வராந்தாவில் அவரைப் பார்த்ததுமே அவள் சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தாள். தபால் ஆபீசுக்குப் போன் வந்ததாம். மழையில் காலை ஷிப்டுக்குப் போகையில் குமரன் வாய்க்கால் பாலத்தில் சைக்கிளோடு சறுக்கி விழுந்துவிட்டான். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை.

“எங்கன அடி?” என்று கேட்டாள்.

“வலது கையி, இடது காலு. ரெண்டும் முறிஞ்சுட்டு.”

கையும் காலும். சீட்டில் டீச்சர் கேட்டதும் அதுதான். மெனக்கெட்டு நட்சத்திரம் வேறு எழுதினாளே. சிவநேசன் என்று உலகத்தில் எவனும் இல்லை. ஆனால் கார்த்திகை நட்சத்திரத்தில் ஒருத்தன் இருக்கிறான், அவள் கூடப் பிறந்தவன் இருக்கிறான். பெயருக்கு ஆள் இல்லையென்றால் அம்மன் என்ன செய்வாள்? இருபத்தாறு வருஷமாக அருணாசலம் சொன்னது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது. பேர் தப்பு. விலாசம் சரி.

நீங்கள் முன்னால் போங்கள், நான் வீட்டைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று அவரை அனுப்பினாள். வீட்டுக்குப் போகவில்லை, நேரே ஆற்றங்கரைக்கு ஓடினாள். அடிபட்டுக் கிடக்கிற தம்பியைப் பார்க்க ஓடாமல் இங்கே ஓடுகிறோமே என்று போகிற வழியெல்லாம் தன்னை வைதுகொண்டே ஓடினாள். சூலாயுதம் மொட்டையாக நின்றது. கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த இசக்கித்தாயிடம் கேட்டாள்.

“நேத்து ஞாயித்துக்கெழமல்லா? பழைய சீட்டையெல்லாம் ஆத்துல விட்டாச்சு. அம்மன் வாசிச்சபொறவு அது எதுக்கு?” என்றாள் இசக்கித்தாய். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்து, “என்னம்மா, வாபஸ் வாங்கணுமா?” என்று தணிந்த குரலில் கேட்டாள். இப்படி வருகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

தாமிரபரணி கலங்கிச் சிவந்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் போய் எந்தத் தாளைத் தேட?

வீட்டுக்கு வந்து மாற்றுச்சேலையைப் பையில் திணிக்கும்போது டிவி மேலிருந்த பன்னீர் இலை கண்ணில் பட்டது. திருச்செந்தூர் விபூதி. கை காலில் பூசினால் கட்டின பிராது விலகும் என்று தோன்றியது. விஞ்ஞானம் எடுக்கிற சண்முகசுந்தரி வெள்ளிக்கிழமையே செத்துப்போயிருந்தாள். இலையை முந்தானையில் முடிந்துகொண்டு பாபநாசம் பஸ் ஏறினாள்.

சேரன்மகாதேவி தாண்டுகிறவரை அவளுக்குப் பயம்தான். தாண்டின பிறகு வெட்கம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இதே பஸ்ஸில்தான் அவன் கரும்பைத் தூக்கிக்கொண்டு வருவான். எங்கே நிறுத்திவைத்தால் தோகை முறியாது என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருப்பான். அவன் கொண்டுவந்ததை ஒருநாளும் அவள் சரியாகப் பார்த்ததில்லை. சிவநேசன் தன் தங்கச்சிகளுக்கு வாங்கிக்கொடுத்த சேலைகளின் நிறத்தைக் கேட்டால் வரிசையாகச் சொல்வாள். தம்பிக்கு எந்தக் கையில் தழும்பு என்று கேட்டால் யோசிக்கத்தான் வேண்டும். அம்பாசமுத்திரம் வந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. எங்கம்மா இறங்கணும் என்று கண்டக்டர் மூன்று தடவை கேட்டார்.

ஆஸ்பத்திரியில் குமரகுருபரன் சுவரோரக் கட்டிலில் கிடந்தான். கையிலும் காலிலும் வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு. மொட்டையில் முடி முள்ளாக முளைத்திருந்தது. வாங்க மதினி என்று அவன் மனைவி சித்ரலேகா எழுந்து ஸ்டூலைக் கொடுத்தாள். அருணாசலம் காப்பி வாங்கப் போயிருந்தார்.

“எக்கா, நீ எதுக்கு லீவு போட்டுட்டு வந்த? ஒண்ணுமில்ல, ரெண்டு மாசத்துல எந்திரிச்சிருவேன்” என்றான் தம்பி.

அவ்வளவுதான், டீச்சருக்கு உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினாள். ஆடி மாசத்து அர்ச்சனையிலிருந்து ஆரம்பித்தாள். சிவநேசனுக்கு நட்சத்திரம் இல்லாமல் அவனுடையதை எடுத்துக் கொடுத்தது, அவன் துரோகியானது, பெறுநர் போட்டுப் பிராது எழுதியது, அதிலும் அதே நட்சத்திரத்தைப் போட்டது, கையும் காலும் என்று கேட்டது, கேட்டபடியே நடந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்து கேட்டான். சித்ரலேகா தலையைக் குனிந்துகொண்டாள். குமரன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பன்னீர் இலையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

“இது நான் கொண்டாந்ததுல்லா?” என்றான் குமரன். “இன்னுமா பிரிக்கல?”

அவள் கை அப்படியே நின்றது.

“செத்த இரி. நீ என்ன நட்சத்திரம் எழுதின?”

“ஒன் நட்சத்திரம்தான். கார்த்திகை.”

குமரன் சித்ரலேகாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அவன் கட்டுப்போட்ட கையோடு குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தான். வலியில் முகம் கோணியது, ஆனாலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

“எனக்குக் கார்த்திகை இல்லக்கா. ரோகிணி. ரோகிணில ஆம்பளப்பிள்ள பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு அம்மா நம்ம மாமாவுக்குப் பயந்துகிட்டு ஊருக்கெல்லாம் கார்த்திகைன்னு சொல்லிவச்சா. எனக்குப் பொண்ணு பாக்கையில ஜாதகத்த ஒங்கிட்டதான கொடுத்தேன்? அப்ப ஒங்கிட்டயும் சொன்னேனே. மறந்துட்டியா?”

சித்ரலேகா மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டு, “அந்த விபூதியே இவுக பொறந்த நட்சத்திரத்துக்குப் போயிட்டு வந்ததுதான் மதினி. புரட்டாசி ரோகிணி. நாப்பத்தஞ்சு முடிஞ்சிதுன்னு மொட்டை போட்டாக. அக்காட்ட துன்னூறு வாங்கிப் பூசிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்னு சொல்லிட்டுப் போனாக” என்றாள்.

அப்படியானால் அம்மன் இவனைத் தொடவில்லை. மழையும் பாலமும் வழுக்கின டயரும்தான். தன்னால் அல்ல. டீச்சருக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. இறங்கின வேகத்தில் அவள் சிரிக்கக்கூடப் போனாள். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. கூடப் பிறந்த ஒருத்தன், இடுப்பில் சுமந்த ஒருத்தன், அவன் என்றைக்குப் பிறந்தான் என்பது தெரியாததால் அல்லவா அவன் தப்பித்திருக்கிறான். இதற்குச் சந்தோஷப்படுகிறோமே என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பஸ்ஸில் வந்த வெட்கம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

குமரன் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.  திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தவனாக அக்காவின் பக்கம் திரும்பினான்.

“அப்பம் ஆடி மாசம் நீ வச்ச அர்ச்சனையும் எனக்கு வந்து சேரலயாக்கும்.”

அவன் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“சரி, போவுது. இப்பம் பூசிவிடு” என்று நெற்றியைக் காட்டினான்.

சண்முகசுந்தரி இலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விபூதியில் விரலைத் தொட்டாள். கை மேலே எழும்பவில்லை. கண்ணை மூடி நெற்றியை நீட்டியபடி அவன் காத்துக்கொண்டிருந்தான்.